பின்னால் கூப்பிடக் கூடாது

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கலியாணம் செய்த புதிதில் என் மனைவி, எனக்கு நாக்கு இருக்கிறதா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். திறந்து காட்டினேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட நான் இப்போது யாழ்ப்பாண நகரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். எப்படி என்று பலர் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் தொண்டைமானாறு. தொழில் கரைவலை. வலையைக் கடலில் அரை வட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பது. வேறு கரைகளில் இப்போது உழவு இயந்திரம் பூட்டி இழுக்கிறார்கள். எங்கள் கரையில் இன்னும் கைதான்.

ஒருநாள் இழுக்கும்போது தோள் கழன்றது. பொருத்திவிட்டார்கள். திரும்பவும் கழன்றது. இனிமேல் கயிறு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

வீட்டில் இருந்தேன். மகளை ஊர் முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது என் வேலையாயிற்று. அங்கே ரீச்சர் வரப் பிந்துகிற நாட்களில் பிள்ளைகளோடு நிற்பேன். நிற்பதென்றால் குந்தியிருப்பேன். அவர்கள் சிப்பி, சோகி, செத்த வண்டு எல்லாம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் பார்ப்பேன். நன்றாகப் பார்ப்பேன். அதற்காகவே இன்னும் கொண்டுவருவார்கள்.

மனைவி அதைக் கண்டிருக்கிறாள். ஒருநாள் வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். நகரத்துப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்கு ஆள் காணாதாம்; இன்னும் வேண்டுமாம். ஓ.எல். சோதனையில் சித்தி போதுமாம். ஒரு வருசம் நகரத்திலேயே தங்கி, ஒரு ரீச்சரின் வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழக வேண்டும். வருச முடிவில் தேறினால் சொந்தமாக ஒரு வகுப்பு.

"போட்டுப் பாப்பம்" என்றாள்.

"ஆம்பிளையை எடுப்பினமே?"

"எடுக்கமாட்டம் எண்டு எழுதேல்லையே."

ஓ.எல். நான் இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தேன். அதற்குப் பிறகு பேனை பிடித்தது குறைவு. படிவத்தை அவளே நிரப்பினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நேர்முகத்தில் ஒரு அம்மா இருந்தார். பயிற்சிக்குப் பொறுப்பானவர் அவர்தான். தலை நரைத்தவர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"ஏன் தம்பி இந்த வேலைக்கு வர விரும்புறீர்?"

"தோள் கழண்டிட்டுது."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எடுத்துவிட்டார்கள்.

கரையில் சொன்னபோது மணலில் விழுந்து சிரித்தார்கள்.

"மச்சான், வகுப்பிலை நீ அழுதால் ஆர் தூக்கிறது?"

"டேய், இவன் பேர் கூப்பிட்டு முடிய பின்னேரமாகிடும்."

"பாவம்ரா பிள்ளையள். பேச்சுப் பழகவெண்டு அனுப்ப, உள்ள பேச்சும் போகப்போகுது."

கடைசியாகச் சொன்னவன் என் மச்சினன். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் எனக்கும் அதே பயம் இருந்தது.

பள்ளி நகரத்துக்குள், பெரிய தெருக்கரையில். பஸ் ஹோர்ன் ஓயாது. பழகவந்த மற்றவர்கள் எல்லாரும் பெண்கள்; அவர்களுக்குத் தங்க ஒரு வீடு எடுத்திருந்தார்கள். எனக்குப் பள்ளியின் பின்பக்கம், பாய்களும் விளையாட்டுச் சாமான்களும் அடுக்குகிற அறை. கட்டில் போட இடம் இருந்தது. அது காணும், போதும். திங்கள் காலை அச்சுவேலியால் வருகிற பஸ்ஸில் வருவேன். வெள்ளி பின்னேரம் வீடு.

என்னைப் பொறுப்பெடுத்த ரீச்சர் உடுவிலைச் சேர்ந்தவர். என்னைவிட வயது குறைவு, மிகவும் குறைவு. என்னை அண்ணை என்பார். நான் ரீச்சர் என்பேன். ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்னமே கதை தொடங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பாதிக் கதை வரும். வகுப்பில் பாட்டு, ஆட்டம், நரியின் குரல், கிளியின் குரல், எல்லாம் அவர்தான். பிள்ளைகள் அவர் வாயைப் பார்த்தபடியே இருப்பார்கள். நானும் பார்த்தபடியே இருந்தேன்.

என் வேலை பாய் விரிப்பது, கை கழுவிவிடுவது, சப்பாத்து நூல் கட்டுவது. முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும் எனக்குப் பழக்கம். பிள்ளைகள் வரிசையில் காலை நீட்டுவார்கள்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் ஒரு கதை சொல்லுங்கோ" என்றார் ரீச்சர் ஒருநாள். படம் ஒன்றைக் கையில் தந்தார். ஆட்டுக்குட்டிப் படம்.

பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

"ஒரு ஆட்டுக்குட்டி" என்றேன். "துலைஞ்சுது. பேந்து கிடைச்சுது."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுது" என்றேன்.

ரீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே ஆட்டுக்குட்டியை அரைமணித்தியாலம் தேடினார். கிணற்றடி, வேலி, கோயில் வீதி, எல்லா இடமும் தேடினார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

இப்படியே மாதங்கள் போயின. பாய் விரிப்பதில் குறை சொல்ல ஆள் இல்லை. கதை சொல்வதில் முன்னேற்றம் இல்லை.

பிறகுதான் பள்ளிக் கேற்றடியில் ஒரு விசயம் நடந்தது.

வகுப்பில் ஒரு சின்னப் பெண்பிள்ளை இருந்தாள். அவளுடைய தகப்பன் ஓட்டோ ஓடுகிறவர். அந்த ஓட்டோவின் ஹோர்ன் மற்ற ஓட்டோக்களைப் போல இல்லை. வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். சவாரி போகும்போதும் பள்ளியடியில் அதை அடிப்பார். அந்தச் சத்தம் தெருவில் கேட்டால் பிள்ளை எங்கே இருந்தாலும் தலையைத் தூக்குவாள்.

அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்திருந்தது. கேற் திறந்திருந்தது. ரீச்சர் உள்ளே ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் மற்றவர்களோடு நின்றேன். தெருவில் வாத்துக் கத்தியது. பிள்ளை பையை எடுத்துத் தோளில் போட்டாள். என்னைப் பார்த்து, "போட்டு வாறன் சேர்" என்றாள். பெரிய ஆள் மாதிரி விடைபெற்றாள். கேற்றை நோக்கி நடந்தாள்.

ஒரு சத்தம் போட்டிருந்தால் காணும். பவுசர்க்காரன் கேற்றடியில்தான் நின்றான். பிடித்திருப்பான்.

என் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் கடல் தொழிலுக்கு வெளிக்கிட்டவரைப் பின்னால் கூப்பிடமாட்டார்கள். எங்கே போகிறாய் என்றும் கேட்கமாட்டார்கள். என் அப்பா சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனால், அம்மா அடுத்த வளவால் ஓடி, வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் நுழைந்து, அவருக்கு முன்னால் போய் நின்றுதான் கொடுப்பார். பேச்சுப் பழக முன்னமே பழகுகிற பழக்கம் இது. பிள்ளை போட்டு வாறன் என்றாள். அதோடு அவள் எனக்கு வெளிக்கிட்ட ஆள்.

ஓடினேன். பவுசருக்கும் மதிலுக்கும் இடையால் நெருக்கிக்கொண்டு ஓடி, தெருக்கரையில் பிள்ளைக்கு முன்னால் போய்க் குந்தினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் போனது. காற்று என் சேட்டின் முதுகை இழுத்தது. பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ரீச்சர் கதவடியில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் அண்ணை கூப்பிடேல்லை?"

நான் பிள்ளையை இறக்கினேன்.

"உங்களைத்தான் கேக்கிறன். ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். ஏன் போடேல்லை?"

"போற ஆளைப் பின்னாலை கூப்பிடக் கூடாது."

அவர் என்னையே பார்த்தார்.

"அண்ணை, அவள் கடலுக்கே போறாள்?"

அவர் கேட்டது நியாயம்.

தகப்பன் வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். ஆனால் விசயம் பயிற்சிக்குப் பொறுப்பான அம்மாவுக்குப் போகத்தான் வேண்டும். ரீச்சரே சொன்னார். மறைத்தால் நான் மதித்திருக்கமாட்டேன்.

அம்மா வந்தார். என்னைக் கதிரையில் இருத்தினார். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஓடினது நல்லது தம்பி. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு முன்னாலை ஓடலாம். ரெண்டு பிள்ளை ரெண்டு பக்கம் போனால் என்ன செய்வீர்?"

"ஓம்" என்றேன்.

"வாற தை மாசம் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு புது வகுப்புத் திறக்கினம். உம்மைத்தான் அதுக்கு யோசிச்சிருந்தனான். பிள்ளையள் உம்மோடை நல்ல பட்சம். ஆனால் குரல் இல்லாத ஆளிட்டை தெருக்கரையிலை பிள்ளையளை விட என்ரை மனம் இடம் தராது. வருச முடிவிலை ஒரு காலமை வந்து இருப்பன். ரீச்சர் வெளியிலை. நீர் தனிய. உம்மடை குரலிலை வகுப்பு நடக்கவேணும். நடந்தால் வகுப்பு உம்முடையது. இல்லாட்டி, குறை நினையாதையும், ஊருக்குப் போம்."

"சரி" என்றேன்.

ஊரில் எனக்கு என்ன இருந்தது? கயிறு பிடிக்க முடியாது. மற்றவர்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு மணலில் இருக்கலாம். அவ்வளவுதான். அதைவிட, எனக்கு இந்த வகுப்பு வேண்டும் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை தோள் கழன்றதால் வந்தவன். அன்றைக்கு அது மாறியது.

பின்னேரங்களில் பிள்ளைகள் போன பிறகு ரீச்சர் என்னைப் பழக்கினார். வெறும் கதிரைகளை வட்டமாக வைத்து, அவற்றுக்குக் கதை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்.

"அண்ணை, கடைசிக் கதிரைக்குக் காது கேக்கேல்லையாம்."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"முதல் கதிரை நித்திரையாப் போச்சு."

அவர் மாதிரி நரிக்குரல் எடுத்துப் பார்த்தேன். தெருவால் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். ரீச்சர் கதவைச் சாத்தினார்.

"நரி வேண்டாம் அண்ணை. நரியை விடுவம்."

பாட்டும் அப்படித்தான். அவர் பாட, நான் பின்னால் பாட வேண்டும். அவர் குரல் மேலே போகும். என் குரல் நிலத்தில் கிடக்கும். இரண்டு பேருக்கும் களைத்துவிடும். ஆனால் ஒருநாளும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. நானும் நிறுத்தவில்லை. என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான், நிறுத்தாமல் இருப்பது.

ஒரு சனிக்கிழமை காலை ஊரில் கரைக்குப் போனேன். வலை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றில் நின்றார்கள். இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுப்பார். அவர் ஒரு அடி பாட, மற்ற எல்லாரும் சேர்ந்து ஏலேலோ என்று பதில் போட்டு இழுப்பார்கள். அன்றைக்கு அம்பா எடுக்கிறவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வலை வரவில்லை.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைக் கண்டார்.

"டேய் வாத்தியார், சும்மாதானே நிக்கிறாய். அம்பாவை எடு."

"எனக்கு ஏலாது."

"தோள்தானே கழண்டது? தொண்டையுமே?"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன்தான் பெரிதாகச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். தண்ணீர் விளிம்பில் போய் நின்றேன். அலைச் சத்தம். அதற்கு மேலால் கேட்க வேண்டும்.

"தோளும் போச்சு!" என்றேன்.

கயிற்றில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு எல்லாத் தொண்டையும் ஒன்றாக,

"ஏலேலோ!"

கயிறு நகர்ந்தது.

"தொழிலும் போச்சு!"

"ஏலேலோ!"

"வாத்தியாரானன்!"

"ஏலேலோ!"

"வாய் வருகுதில்லை!"

"ஏலேலோ!"

சிரித்துச் சிரித்து இழுத்தார்கள். நான் சொன்னது ஒவ்வொரு தடவையும் இரண்டு சொல். மிச்சம் எல்லாம் அவர்கள். இரண்டு சொல் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் அவர்களுக்கு மூச்சு எடுத்து இழுக்க இடம் வரும். அம்பா எடுக்கிறவன் நீட்டிப் பாடிக்கொண்டிருந்தால் வலை கடலிலேயே கிடக்கும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இழுக்கிறவனாகத் தெரியும். முன்னால் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வலையின் மடி, மீன் சேருகிற பை, கரைக்கு வந்தது. மடி நிறையச் சூடை மீன். பழைய கயிற்றுத் துண்டு ஒன்று சம்மாட்டியிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். வகுப்புக்கு என்றேன். அவிழ்த்துத் தந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் கயிற்றை நீளத்துக்குப் போட்டேன். ரீச்சர் ஒரு மூலையில் போய் இருந்தார். பிள்ளைகள் கயிற்றின் இரண்டு பக்கமும் வந்து பிடித்தார்கள். சொல்லாமலே பிடித்தார்கள். கயிற்றைக் கண்டால் பிள்ளை பிடிக்கும்.

"கடல்" என்றேன், சுவரைக் காட்டி. "வலை அதுக்குள்ளை. நாங்கள் கரையிலை. நான் சொன்னால் நீங்கள் ஏலேலோ."

"ஏலேலோ!" கூரை அதிர்ந்தது.

"வலையிலை என்ன?" என்றேன்.

நிறுத்தினேன். காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பாரமில்லை.

"மீன்!" என்றது ஒரு குரல்.

"என்ன மீன்?"

"பொரிச்ச மீன்!"

"ஏலேலோ!"

"நண்டுக் குழம்பு!"

"ஏலேலோ!"

"எங்கடை வாப்பா வாங்கிற பெரிய மீன்!"

"ஏலேலோ!"

"கொத்து ரொட்டி!"

கொத்து ரொட்டியும் வலையில் வந்தது. நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒன்றைக் கடலிலிருந்து இழுத்தது. வருசம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த ஒரு பொடியன் கடைசியில், மிக மெல்ல, "யானை" என்றான். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பிறகு யானையை இழுத்தோம். அது பாரமாக இருந்தது. நெடுநேரம் எடுத்தது.

முடிந்த பிறகு ரீச்சர் எழும்பி வந்தார்.

"அவன் கதைச்சிட்டான் அண்ணை" என்றார்.

"ஓம்."

"நான் எவ்வளவு கதைச்சும் அவன் கதைக்கேல்லை."

"நீங்கள் சொன்ன கதையெல்லாம் அவனுக்குள்ளை கிடந்திருக்கு ரீச்சர். யானையும் உங்கடைதானே."

அது மெய். யானை அதற்கு முந்தின கிழமை அவர் சொன்ன கதையில் வந்தது. அவர் சிரித்தார். நான் அவ்வளவு நீளமாக ஒரு வசனம் சொன்னதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ரீச்சர் கதை சொல்வார். நான் கயிறு போடுவேன். காலையில் அவர் உள்ளே போடுவார், பிறகு நான் வெளியே இழுப்பேன். இப்படி நன்றாகப் போனது. பிள்ளைகள் வீட்டிலும் ஏலேலோ போடுகிறார்கள் என்று தாய்மார் முறைப்பாடு சொன்னார்கள். ஒரு தாய், "சேர், இவன் சோறு தீத்தேக்கையும் ஒவ்வொரு வாய்க்கும் ஏலேலோ கேக்கிறான். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு" என்றார். எனக்குச் சந்தோசம். முகத்தில் காட்டவில்லை.

அம்மா வரும் நாள் வந்தது. மழைக்காலம் முடிகிற நேரம். காலையிலேயே வந்து பின்சுவரோடு கதிரை போட்டு இருந்தார். ரீச்சரை வெளியே அனுப்பினார். ரீச்சர் யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். சேலைத் தலைப்பு நுனி வாய்க்குள் இருந்தது.

பாய் விரித்தேன். பிள்ளைகள் இருந்தார்கள். புது ஆள் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றைப் போட்டேன். பிடித்தார்கள். ஆனால் கை சோர்ந்திருந்தது.

"வலையிலை என்ன?" என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காத்திருந்தேன். அம்மாவின் பேனை தாளில் ஓடுவது கேட்டது. கதிரைகளுக்குக் கதை சொன்ன பின்னேரங்கள் ஞாபகம் வந்தன. இன்னும் காத்திருந்தேன். யன்னலில் ரீச்சர் கையால் ஏதோ காட்டினார். நான் பார்க்கவில்லை.

தெருவில் வாத்துக் கத்தியது.

ஓட்டோக்காரரின் மகள் தலையைத் தூக்கினாள். கயிற்றை விட்டாள். எழும்பிப் போய்ப் பையை எடுத்தாள்.

"போட்டு வாறன் சேர்" என்றாள்.

கதவு திறந்திருந்தது. கேற்றும் திறந்திருந்தது என்று பிறகுதான் தெரியும். அம்மாவின் பேனை நின்றது. நான் ஓடினால் பிடிக்கலாம். ஓடினால் வகுப்பு தனியே இருக்கும். அம்மா சொன்ன இரண்டு பக்கம் இதுதான்.

பிள்ளை எனக்கு முதுகு காட்டி நடந்தாள். பழக்கம் பழக்கம்தான். ஆனால் அவள் கடலுக்குப் போகவில்லை. நான் நிற்பது கரை. கரையில் நின்று வலையைக் கூப்பிடலாம், கூப்பிடத்தான் வேண்டும்.

"கயிறு போகுது!" என்றேன்.

அலைக்கு மேலால் கேட்கிற குரல். எனக்கே அது புதிது. தெருவில் ஹோர்ன் அடித்த பஸ்ஸுக்கு மேலால் கேட்டிருக்கும்.

"ஏலேலோ!" வகுப்பு முழுவதும் ஒன்றாகப் போட்டது. கைகள் இறுகின.

பிள்ளை கதவடியில் நின்றாள்.

"ஆள் காணாது!" என்றேன்.

"ஏலேலோ!"

"வந்து பிடி!"

"ஏலேலோ!"

அவள் திரும்பினாள். ஓடி வந்தாள். பையைத் தோளில் போட்டபடியே தன் இடத்தில் குந்திக் கயிற்றைப் பிடித்தாள்.

"வலையிலை என்ன?" என்றேன்.

"சுறா!" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. சுறா வந்தது, ஓட்டோ வந்தது, தீபாவளிச் சட்டை வந்தது, யானை குட்டியோடு திரும்பவும் வந்தது. ஒருவன் பின்னுக்கு இருந்த அம்மாவைக் காட்டி, "அந்த அம்மம்மாவையும் இழுப்பம்" என்றான். அம்மா எழும்பி வந்தார். சேலையைச் சொருகிக்கொண்டு கயிற்று நுனியைப் பிடித்தார். இழுத்தார். நன்றாக இழுத்தார்.

முடிந்த பிறகு அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"எங்கை பிள்ளை வெளிக்கிட்டனீ?"

"அப்பா வந்தவர்."

"பேந்து ஏன் திரும்பி வந்தனீ?"

பிள்ளை அவரை விசர் பிடித்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"கயித்தை விட்டால் மீன் எல்லாம் போயிடும்" என்றாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு குரலை எங்கை தம்பி ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

"கரையிலை" என்றேன்.

"பேச்சுக் கொஞ்சம் கூடத்தான் வேணும் உமக்கு. அது பழகலாம். உம்மடை வகுப்பிலை பிள்ளையள் கதைக்கினம். அதைப் பழக்கிறதுதான் கஷ்டம்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "தை மாசம் வகுப்பைப் பாரமெடும். கேற் பூட்டுறதுக்கு நான் ஆள் போடுவிக்கிறன். உம்மை நம்பாமல் இல்லை. வாத்து ஹோர்ன் வைச்ச தகப்பன்மாரை நம்பேலாது."

யன்னலுக்கு அந்தப் பக்கம் ரீச்சர் கை தட்டியது கேட்டது. பிள்ளைகள் ஏன் என்று தெரியாமல் தாங்களும் தட்டினார்கள்.

மனைவிக்கு அழைப்பு எடுத்தேன்.

"கிடைச்சிட்டுது" என்றேன்.

"வேறை?"

"அவ்வளவுதான்."

"கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கோவன். வாத்தியார்தானே இப்ப."

சொன்னேன். யானையிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். சொல்லி முடிய அவள் சிரித்துக்கொண்டு அழுதாள். பிறகு தொலைபேசியை மகளிடம் கொடுத்தாள். மகள் ஏலேலோ என்றாள். மச்சினனுக்கு மனைவியே போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு பெட்டி மீன் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டு, "வாத்தியாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனானாம். அவனுக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை போல.

அந்த வெள்ளிக்கிழமை சாமான்களைக் கட்டினேன். சேட்டுகள், பாய், தலையணை. பிள்ளைகள் போய்விட்டார்கள். ரீச்சரிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். கேற் தாண்டி, மதிலோரமாக பஸ் நிலையப் பக்கம் நடந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. சத்தம் என்னைத் தாண்டிப் போனது. மூச்சு வாங்க வாங்க ரீச்சர் எனக்கு முன்னால் வந்து நின்றார். தெருவால் போன ஆட்கள் பார்த்தார்கள். கையில் சுருட்டிய கயிறு.

"முன்னாலை வந்திட்டன். இப்ப சொல்லலாம்தானே?"

"ஓம்."

"கயித்தை மறந்திட்டியள்."

"மறக்கேல்லை ரீச்சர். உங்களுக்குத்தான் விட்டனான். எனக்குக் கரையிலை வேறை இருக்கு."

அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப, போட்டு வாங்கோ அண்ணை" என்றார்.

"போட்டு வாறன்" என்றேன். பஸ் நிலையத்துக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன்.